தூர்தர்ஷன், ஆகாசவாணி, அரசியல் சாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் அரசின் பணத்தில் நடப்பவை. அவை ஆளும் அரசைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவதில் என்ன தவறு?

அவை நடப்பது அரசு ஒதுக்கும் பணத்தில். அந்தப் பணம் வருவது மக்களின் வரியிலிருந்து. ஆளுங்கட்சிக்கு வாக்களிக்காதவரும் அந்த வரியைச் செலுத்துகிறார். நியாயத்தை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தை மட்டும் பார்த்தாலும் விடை இதுவே. இவ்விரண்டையும் நடத்தும் பிரசார் பாரதி நிறுவனத்துக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொதுநலன் சார்ந்த எல்லா விஷயங்களையும் தடையின்றியும் உண்மையாகவும் புறவயமாகவும் அறிந்துகொள்ளக் குடிமக்களுக்கு உள்ள உரிமையைக் காப்பது இந்த நிறுவனத்தின் கடமை என்கிறது. மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துச் சமநிலையோடு தகவல் தர வேண்டும், தனக்கென எந்தக் கருத்தையும் கொள்கையையும் முன்னிறுத்தக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. அரசுத் திட்டங்களை விளக்குவது இதற்கு முரண் அல்ல. அந்தத் திட்டத்தின் மீது எதிர்க்கட்சியும் வல்லுநரும் பயனாளியும் சொல்லும் குறையை விட்டுவிட்டு விளக்குவதுதான் முரண்.

ஒரு செய்தி அறிக்கை சாய்வுடையதா என்பதை எப்படி அறிவது? அது பார்ப்பவரின் மனநிலையைப் பொறுத்ததல்லவா?

ஓரளவுக்கு அப்படித்தான். தீவிரக் கட்சி ஆதரவாளருக்கு நடுநிலையான செய்தியும் எதிரணிச் செய்தியாகவே தோன்றும். ஆயினும் விருப்பு வெறுப்புக்கு அப்பால் கணக்கிடக்கூடிய கூறுகள் உள்ளன. ஒவ்வொரு கட்சிக்கும் எத்தனை நிமிடம் கிடைத்தது, அது இரவு எட்டு மணிக்குக் கிடைத்ததா நள்ளிரவில் கிடைத்ததா, எந்தத் தலைவரின் கூட்டம் முழுமையாக நேரலையில் வந்தது, எவருடைய கூட்டம் அரை நிமிடத் துணுக்காகச் சுருங்கியது, தலைவர் தம் குரலிலேயே பேச விடப்பட்டாரா அல்லது அவர் பேசியதைச் செய்தி வாசிப்பவர் ஒரு வரியில் சுருக்கிச் சொன்னாரா என்பவற்றையெல்லாம் கடிகாரத்தையும் தாளையும் வைத்துக்கொண்டே குறித்துவிடலாம்.

கணக்கில் எளிதில் சிக்காத ஒன்றும் உண்டு: சொல்லப்படாமல் விடப்பட்ட செய்தி. நம் பொது ஒளிபரப்பின் சாய்வு பெரும்பாலும் மௌனத்தில்தான் இருக்கிறது என்பது இதை எழுதுபவரின் மதிப்பீடு. பொய்ச் செய்தியை மறுத்துவிடலாம். வராத செய்தியை மறுப்பதற்கு வழியே கிடையாது. மறுநாள் நாளேடுகளின் முதல் பக்கத்தை முந்தைய இரவின் செய்தி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதைக் கண்டறிய உதவும் பழைய, எளிய முறை.

இது தற்போதைய ஆட்சியில் தொடங்கிய வழக்கமா?

இல்லை. எந்த ஆட்சியும் இதில் விலக்கு அல்ல. 1975-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், தகவல் ஒலிபரப்புத் துறை ஐ.கே. குஜ்ராலிடமிருந்து எடுக்கப்பட்டு வி.சி. சுக்லாவிடம் தரப்பட்டது. வானொலி அரசின் அங்கம், அது அப்படியேதான் இருக்கும் என்ற பொருளில் இந்திரா காந்தி நிலைய இயக்குநர்களிடம் பேசியதும் அந்த ஆண்டில்தான். காங்கிரஸ் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் பாட மறுத்த கிஷோர் குமாரின் பாடல்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிறுத்தப்பட்டன. 1977 பிப்ரவரியில் தில்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஜகஜீவன் ராமும் பேசிய கூட்டத்துக்கு மக்கள் போகாதிருக்க, அன்று மாலை தூர்தர்ஷனில் புகழ்பெற்ற இந்திக் காதல் படமொன்று போடப்பட்டது. மைதானம் அப்படியும் நிரம்பியது. "ஆல் இந்திரா ரேடியோ" என்ற கேலிப்பெயர் அக்காலத்தின் மிச்சம். ராஜீவ் காந்தி ஆட்சியில் தூர்தர்ஷன் "ராஜீவ் தர்ஷன்" ஆனது.

1977-இல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு, ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதைப் பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. எல்.கே. அத்வானி துறை அமைச்சராக இருந்தபோது அமைக்கப்பட்ட பி.ஜி. வர்கீஸ் குழு, 'ஆகாஷ் பாரதி' என்ற பெயரில் தேசிய ஒலிபரப்பு அறக்கட்டளை ஒன்றை நிறுவ 1978-இல் பரிந்துரைத்தது. அதைவிடக் குறைந்த அதிகாரங்களுடன் ஒரு மசோதா 1979-இல் வந்தது. ஆட்சி கவிழ்ந்ததும் அதுவும் காலாவதியானது.

அண்மைக் காலத்திலிருந்து இரண்டு நிகழ்வுகள். 2014 தேர்தலின்போது, ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில், தூர்தர்ஷனுக்கு நரேந்திர மோடி அளித்த பேட்டியில் சில பகுதிகள் வெட்டப்பட்டன. பிரசார் பாரதியின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் ஜவஹர் சர்க்கார், அமைச்சகத்திடமிருந்து உரிய சுதந்திரம் கிடைக்காததை வாரியத்துக்கு எழுதிய கடிதத்திலேயே குறிப்பிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, மோடி பிரதமரான சில மாதங்களுக்குள், ராஷ்டிரிய ஸ்வயம்சேவக் சங்கத்தின் தலைவர் மோகன் பாகவத்தின் விஜயதசமி உரையைத் தூர்தர்ஷன் நேரலையாக ஒளிபரப்பியது. ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம், அதே ஊழியர்கள். மாறியது ஆட்சி மட்டுமே. ஆகவே இதை ஒரு கட்சியின் குணமாகப் பார்ப்பதைவிட, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற ஏற்பாட்டின் விளைவாகப் பார்ப்பதே பொருந்தும்.

தன்னாட்சிக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டதே. பிறகும் ஏன் நிலைமை மாறவில்லை?

சட்டம் வந்த விதத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. வி.பி. சிங்கின் தேசிய முன்னணி ஆட்சியில் 1990-இல் நிறைவேறிய சட்டம், ஏழு ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. அதை 1997 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தியது, நெருக்கடி நிலையின்போது துறையை இழந்த அதே குஜ்ரால் பிரதமராக இருந்த அரசு. அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று பிரசார் பாரதி செயல்படத் தொடங்கியது. முதல் தலைமைச் செயல் அலுவலர் எஸ்.எஸ். கில்லுக்கு வயது வரம்பு குறுக்கே நின்றதால், அதை நீக்க அவசரச் சட்டம் போடப்பட்டது. 1998-இல் பாரதிய ஜனதா ஆட்சிக்கு வந்தபின் அந்த அவசரச் சட்டம் காலாவதியாக விடப்பட்டு, அவர் பதவியிழந்தார். தன்னாட்சி நிறுவனத்தின் முதல் தலைமை அலுவலரே ஆட்சி மாற்றத்தோடு வெளியேறினார் என்பதைப் பின்னால் வந்தவர்கள் எவரும் மறந்திருக்க வாய்ப்பில்லை.

மறுபாதி சட்டத்தின் உள்ளே இருக்கிறது. 13-ஆம் பிரிவு, மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேருமாக 22 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றக் குழு ஒன்று பிரசார் பாரதியைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. அடுத்து வரும் பிரிவுகள், பொதுமக்களின் புகார்களை விசாரிக்க ஓர் ஒலிபரப்பு மன்றம் அமைக்கச் சொல்கின்றன. இரண்டும் ஏட்டளவிலேயே இருக்கின்றன. அரசியல்வாதிகளின் குழு அரசியல் சாய்வைக் குறைக்குமா என்று கேட்பது நியாயமே. ஆனால் விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கப்படும் குழுவில் எதிர்க்கட்சியினரும் அமர்வர். ஒரே அமைச்சகத்துக்குப் பதில் சொல்வதைவிட, ஒருவரையொருவர் நம்பாத 22 பேருக்குப் பதில் சொல்வது மேல்.

இவற்றோடு 23-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றின் பெயரால் ஒன்றை ஒளிபரப்பக் கூடாது என்றும், பொது முக்கியத்துவம் உடைய ஒன்றை ஒளிபரப்ப வேண்டும் என்றும் மத்திய அரசு உத்தரவிட அப்பிரிவு இடம் தருகிறது. எழுத்தில் உத்தரவிட்டால் அது பதிவாகும், கேள்விக்கும் உள்ளாகும். தொலைபேசியில் சொன்னால் போதும் என்றிருக்கும்போது அந்தப் பிரிவுக்கு என்ன வேலை?

பிரசார் பாரதியின் தலைவரையும் உறுப்பினர்களையும் யார் நியமிக்கிறார்கள்?

மாநிலங்களவைத் தலைவரான குடியரசுத் துணைத் தலைவர், இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர் ஆகிய மூவர் குழு பரிந்துரைக்கிறது. எதிர்க்கட்சித் தலைவருக்கு அதில் இடமில்லை. குடியரசுத் தலைவரின் நியமனம் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பதால், மூன்றாம் இடம் அரசின் இடம் என்றே கொள்ள வேண்டும். நியமிக்காமல் விடுவதும் ஓர் அதிகாரம்தான்: 2020 பிப்ரவரியில் ஏ. சூர்ய பிரகாஷின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தலைவர் பதவி காலியாகவே இருந்தது. 2024 மார்ச்சில்தான், ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரியான நவ்நீத் குமார் சேகல் நியமிக்கப்பட்டார்.

பணத்துக்கும் செய்திக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ஊழியர் சம்பளத்துக்காக மட்டுமே மத்திய அரசு ஆண்டுதோறும் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகமாக மானியம் தருகிறது. 2007 அக்டோபர் 5-க்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் அரசு ஊழியர்களாகவே, அயற்பணியில் இருப்பவர்களாகக் கருதப்படுகிறார்கள். அந்த மானியத்தை அனுப்புவது, செய்தியில் இடம்பெறும் அமைச்சரின் கீழுள்ள அமைச்சகம். 2018 தொடக்கத்தில், ஸ்மிருதி இரானி துறை அமைச்சராக இருந்தபோது, சம்பள நிதியை அமைச்சகம் நிறுத்திவைத்தது என்று பிரசார் பாரதியின் தலைவரே வெளிப்படையாகக் குறைகூறினார். இருப்பிலிருந்த வேறு நிதியைக் கொண்டு சம்பளம் போட வேண்டியிருந்தது. அந்தத் தலைவர் ஆளுங்கட்சிக்கு எதிரானவராக அறியப்பட்டவர் அல்லர் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நம் வீடுகள் உரிமக் கட்டணம் செலுத்தின. அஞ்சலகத்தில் வரிசையில் நின்று கட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1980-களின் நடுவில் அது நீக்கப்பட்டது. கட்டணம் போனதில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பார்வையாளர் நேரடியாகக் காசு கொடுத்துக் கேள்வி கேட்கும் நிலையும் அதோடு போயிற்று.

தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிகளுக்கும் சம நேரம் தரப்படுகிறதா?

சம நேரம் அல்ல, பங்கீட்டு நேரம். 1998 மக்களவைத் தேர்தலிலிருந்து தேர்தல் ஆணையத்தின் திட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் ஆகாசவாணியிலும் இலவச நேரம் ஒதுக்கப்படுகிறது. எல்லோருக்கும் ஓர் அடிப்படை அளவு. அதற்கு மேல், கடந்த தேர்தலில் பெற்ற வாக்குகளின் அடிப்படையில் கூடுதல். 2003-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, இதற்குச் சட்ட அடித்தளமும் கிடைத்தது. புதிய கட்சிக்கு இது பாதகம்தான். ஆனாலும் கணக்கு வெளிப்படையானது.

சிக்கல் இரண்டு இடங்களில் எழுகிறது. முதலாவது, இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே உள்ள வழக்கமான செய்தி நேரம். 2019 மார்ச் 31 அன்று பிரதமரின் 'நானும் காவலாளி' தேர்தல் பரப்புரை நிகழ்ச்சியை டிடி நியூஸ் நேரலையாகக் காட்டியபோது தேர்தல் ஆணையம் விளக்கம் கேட்டது. பின்னர், எந்தக் கட்சிக்கும் விகிதத்துக்கு மீறிய நேரம் தரக் கூடாது என்று அமைச்சகத்துக்கு எழுதவும் செய்தது.

இரண்டாவது, ஒதுக்கிய நேரத்தில் என்ன பேசலாம் என்பது. உரையின் எழுத்து வடிவத்தை முன்கூட்டியே தர வேண்டும். வேற்று நாடுகளைக் குறைகூறுதல், மதங்களையும் சமூகங்களையும் தாக்குதல், வன்முறையைத் தூண்டுதல், தனிநபரைப் பெயர் சொல்லி விமர்சித்தல் போன்றவற்றுக்கு விதிகள் தடை விதிக்கின்றன. விதிகள் தேவையானவைதான், அவற்றைப் படிக்கும் கண்தான் கேள்விக்குரியது. 2024 தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்து, ஆட்சியை வகுப்புவாத எதேச்சாதிகார ஆட்சி என்று குறித்த தொடரும், கொடுஞ்சட்டங்கள் என்ற சொல்லும் நீக்கப்பட்டன. ஆட்சியின் திவால் நிலை என்பது தோல்வி என்று மென்மையாக்கப்பட்டது. பார்வர்டு பிளாக் கட்சியின் ஜி. தேவராஜனின் உரையில் முஸ்லிம்கள் என்ற சொல்லே நீக்கப்பட்டது. தம் உரையின் இந்தி வடிவத்தில் எந்தத் திருத்தமும் சொல்லப்படவில்லை என்று யெச்சூரி சுட்டிக்காட்டினார். இப்படித் திருத்துவது வழக்கமானதே, முதலமைச்சர்களின் உரைகளும் திருத்தப்பட்டதுண்டு என்பது பிரசார் பாரதி தரப்பு சொன்ன விளக்கம். அந்த விளக்கம் உண்மைதான் என்பதற்கு முன்பே ஒரு சாட்சி உண்டு: 2017 சுதந்திர தினத்தன்று திரிபுரா முதலமைச்சர் மாணிக் சர்க்காரின் உரையை, நாளின் மாண்புக்கு ஏற்ப மாற்றி அமைத்தால்தான் ஒலிபரப்ப இயலும் என்றார்கள், அவர் மறுத்தார், உரை வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு முதலமைச்சர் தம் மாநில மக்களிடம் பேசும் சொற்களை நிலைய அதிகாரி ஒருவர் எடைபோடுவது வழக்கமாகிவிட்டது என்பது விளக்கம் ஆகாது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வதாகவே அது ஆகும்.

நீதிமன்றங்கள் இதில் தலையிட்டதுண்டா?

உண்டு. போபால் விஷவாயுக் கொடுமை பற்றிய, தேசிய விருது பெற்ற ஆவணப்படம் ஒன்றைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்த வழக்கில், அரசை விமர்சிப்பது மட்டுமே மறுப்பதற்குக் காரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. 1995-இல் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்றும், அவற்றை அரசிடமிருந்து விலகிய ஒரு பொது அமைப்பு நிர்வகிக்க வேண்டும் என்றும் கூறியது. இரண்டாவது தீர்ப்புதான் உறங்கிக்கிடந்த பிரசார் பாரதிச் சட்டத்தை எழுப்பியது எனலாம். ஆனால் அன்றாடச் செய்தித் தேர்வைக் கண்காணிப்பது நீதிமன்றத்தால் ஆகக்கூடிய வேலையல்ல.

நிலையங்களில் பணியாற்றுபவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க மாட்டார்களா?

தெரிவிப்பவர்கள் உண்டு; அதன் விலையும் அவர்களுக்குத் தெரியும். 2019 அக்டோபரில், சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதமர் ஆற்றிய உரையைப் பொதிகையில் ஒளிபரப்பாதது தொடர்பாகச் சென்னைத் தூர்தர்ஷனின் அலுவலர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகச் செய்திகள் வந்தன. எதிர்க்கட்சித் தலைவரின் உரையை விட்டுவிட்டதற்காக யாரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகச் செய்தி வருவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொண்ட அலுவலருக்கு மேலிடத்து உத்தரவே தேவையில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

செய்தியின் மூலமும் இதில் அடங்கும். 2020-இல் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் சீனத் தூதரைப் பேட்டி கண்டதற்குக் கடுமையாக ஆட்சேபித்த பிரசார் பாரதி, அந்த ஆண்டே அதன் சந்தாவை முடித்துக்கொண்டது. 2023-இல் ஆர்.எஸ்.எஸ். சார்புடையதாக அறியப்படும் ஹிந்துஸ்தான் சமாச்சார் செய்தி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. சமையலுக்குக் காய் வாங்கும் கடையே மாறிவிட்ட பிறகு, சமையற்காரரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

டிடி நியூஸ் இலச்சினையின் நிறம் மாறியது, தமிழ்த்தாய் வாழ்த்தில் வரி விடுபட்டது போன்றவையும் சாய்வுதானா?

2024 ஏப்ரலில், தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது டிடி நியூஸின் சிவப்பு இலச்சினை காவி நிறத்துக்கு மாறியதை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உள்ளிட்டோர் கண்டித்தனர். அது ஆரஞ்சு நிறம் என்றது நிர்வாகம். அதே ஆண்டு அக்டோபரில், ஆளுநர் ஆர்.என். ரவி கலந்துகொண்ட சென்னைத் தூர்தர்ஷன் விழாவில் "தெக்கணமும் அதிற்சிறந்த திரவிடநல் திருநாடும்" என்ற வரி பாடப்படாமல் போனது; கவனக்குறைவு என்று டிடி தமிழ் மன்னிப்புக் கேட்டது. இவை மக்களின் உணர்வைத் தொட்டவை, விவாதிக்கப்பட வேண்டியவை. ஆயினும் நிறத்தைப் பற்றி ஒரு வாரம் பேசிய நாம், செய்தி நேரப் பங்கீட்டைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசவில்லை. கண்ணுக்குத் தெரிவது சர்ச்சையாகிறது. நாள்தோறும் நடப்பது பழகிப்போகிறது.

தமிழ்நாட்டில் தனியார் செய்தித் தொலைக்காட்சிகள் பலவும் கட்சிகளோடு தொடர்புடையவைதானே? தூர்தர்ஷனை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

கட்சித் தொலைக்காட்சியின் சார்பு ஒளிவுமறைவற்றது. கலைஞர் டி.வி.யையோ ஜெயா டி.வி.யையோ பார்ப்பவர் அது யாருடையது என்று அறிந்தே பார்க்கிறார். ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் பார்த்து நடுவில் உண்மையைத் தேடும் திறமையும் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு நெடுநாளாகவே உண்டு. பொது ஒளிபரப்போ எல்லோருடைய பெயராலும் எல்லோருடைய பணத்தாலும் நடப்பது. மற்ற அலைவரிசைகள் கட்சி சார்ந்தவை என்பது, கட்சி சாராத ஒன்று தேவை என்பதற்குத்தான் காரணமாக முடியும்.

பிற நாடுகளில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை; சில நாடுகள் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. பி.பி.சி.யின் தலைவரை நியமிப்பதில் பிரிட்டிஷ் அரசுக்கும் கை உண்டு. பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனின் கடன் ஏற்பாட்டில் தமக்கிருந்த பங்கை முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னதும், 2023 ஏப்ரலில் ரிச்சர்ட் ஷார்ப் பதவி விலகினார். நியமனம் அங்கும் பழுதுள்ளதே. ஆனால் பழுதை வெளியே கொண்டுவரும் விசாரணை இருந்தது.

கவனமாகப் படிக்க வேண்டியது ஜெர்மனியின் ஏற்பாடு. நாஜிகள் வானொலியைப் பயன்படுத்திய விதத்தை அனுபவித்த நாடு என்பதால், ஒலிபரப்பு அங்கே மாநிலங்களின் பொறுப்பு. இசட்.டி.எஃப். தொலைக்காட்சியின் மேற்பார்வைக் குழுக்களில் அரசு சார்ந்தவர்களும் கட்சி சார்ந்தவர்களும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் மாதக் கட்டணத்தின் அளவை ஒரு சுயேச்சையான நிபுணர் குழு பரிந்துரைக்கிறது. எந்த அமைச்சகமும் சம்பளத்தை நிறுத்திவைத்து மிரட்ட முடியாது.

போலந்து எதிர்ப்புறத்து உதாரணம். 2015-க்குப் பின் சட்டம் மற்றும் நீதிக் கட்சி பொதுத் தொலைக்காட்சியைத் தன் ஊதுகுழலாக்கியது. 2023 டிசம்பரில் வந்த, டொனால்டு டஸ்க் தலைமையிலான அரசு நிர்வாகத்தை ஒரே நாளில் நீக்கியது. செய்தி அலைவரிசையின் ஒளிபரப்பே நின்றது. நோக்கம் சீர்திருத்தம் எனப்பட்டாலும், அமைச்சரின் ஓர் உத்தரவால் நிர்வாகத்தை மாற்றலாம் என்பது அடுத்து வருபவருக்கும் பாடமாகிவிட்டது.

இத்தனை குறைகள் இருந்தால் மூடிவிடலாமே? இப்போது யார் பார்க்கிறார்கள்?

நகரத்தில் பார்ப்பவர் குறைவு என்பது உண்மை. ஆனால் வானொலியை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மட்டுமே மாற்றமின்றி எடுத்துத் தரலாம். 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்திக்கு அனுமதி தரப் பரிந்துரைத்தது. நாளேட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், தொலைக்காட்சியில் யார் வேண்டுமானாலும் பேசலாம், வானொலியில் மட்டும் செய்தி ஒரே வாயிலிருந்து வர வேண்டும் என்ற நிலையில் அந்த ஒரு வாயை மூடினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. புயல் எச்சரிக்கைக்கு மின்சாரம் இல்லாத கடலோரக் கிராமம் இன்றும் நம்புவது அதைத்தான்.

சாய்வைக் கண்டால் பார்வையாளர் எங்கே முறையிடலாம்?

சட்டம் சொன்ன ஒலிபரப்பு மன்றம் இல்லாததால், அதன் இடத்தில் சில மாற்று வழிகளே உள்ளன. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் நாட்களில் தேர்தல் ஆணையத்துக்கு எழுதலாம். விரைவாகப் பலன் கிடைப்பது இதில்தான். மற்ற நாட்களில் மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் தளத்தில் புகார் பதியலாம், ஆனால் அது கடைசியில் போய்ச்சேரும் இடம் குறைகூறப்பட்ட நிறுவனமே. பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே குறிப்பிட்ட மாதத்தில் எந்தெந்தக் கட்சியின் நிகழ்ச்சிகள் எத்தனை மணி நேரம் நேரலையாகக் காட்டப்பட்டன என்று தேதிவாரியாகக் கேட்டு மனு செய்யலாம். "ஏன் சாய்வாக நடந்துகொண்டீர்கள்" என்று கேட்டால் விடை வராது. ஆவணமாக இருப்பதை, தேதியும் அலைவரிசையும் குறித்துக் கேட்டால் முப்பது நாட்களுக்குள் பதில் தரும் கடமை அவர்களுக்கு உண்டு.